புகைச் சோதனைக்குப் போன நாள்

எண்பதுகள் முடியும் சமயம். செகந்திராபாத்தில் திருமுல்கேரி பக்கம் ஒரு பழைய காலனி வீட்டில் நான் தனியாக இருந்தேன். அப்பா போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. அம்மாவும் அதற்கு முந்தின வருடம் போய்விட்டாள். ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரில் இருக்கிற எல்லோரிடமும் பேசுவேன். வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தால் மறுநாள் காலைவரை பேச ஆள் கிடையாது.

சின்ன வயதில் வந்த போலியோவில் என் இரண்டு கால்களும் போய்விட்டன. கக்கத்தில் கட்டை வைத்துக்கொண்டுதான் நடப்பேன். பஸ் படி ஏற முடியாது. அதனால் அப்பா இருக்கும்போதே தன் காரை எனக்காக மாற்றிக் கொடுத்திருந்தார். கிளட்சுக்கு ஒரு கைப்பிடி, பிரேக்குக்கு ஒன்று, ஆக்ஸிலரேட்டருக்கு ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு சின்ன லீவர். காலுக்கு வேலையே இல்லை. அந்தக் காரை என்னைத் தவிர வேறு யாராலும் ஓட்ட முடியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

பழைய கார்களின் ரிஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோய் இன்ஸ்பெக்டரிடம் காட்ட வேண்டும், புகையையும் சோதிப்பார்கள் என்று அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. மெட்ராஸில் இருந்த அண்ணன் இதைக் கேட்டதும், "போதும் பிள்ள, வண்டிய வித்துட்டு வேலையையும் விட்டுட்டு இங்க வந்துரு. மாடி ரூம் சும்மாதான கெடக்கு" என்று போனில் சொன்னான். கட்டையோடு நான் எப்படி மாடி ஏறுவேன் என்று அவன் யோசிக்கவில்லை. பாசத்தில் சொன்னதுதான். ஆனால் வண்டி சோதனையில் தேறாவிட்டால் அந்த மாடி ரூம்தான் எனக்குக் கதி.

கெடு முடிகிற கடைசி நாள்தான் லீவு கிடைத்தது. டாக்டர் சர்டிஃபிகேட், வண்டியை மாற்றியதற்கான அனுமதி எல்லாம் பையில் வைத்துக்கொண்டேன். லீவர்களைப் பார்த்து யாராவது வாயைத் திறந்தால் என்ன பதில் சொல்லுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன் என்று சொல்ல வேண்டும்.

அங்கே ஆட்டோ, வேன், டாக்சி, பழைய கார் என்று வரிசை ரோடு வரை நின்றது. ஒரு விஷயம் வேடிக்கையாக இருந்தது. வரிசை நகரும்போது யாரும் இன்ஜினைப் போடவில்லை. எல்லோரும் இறங்கி முன்னால் நிற்கிற வண்டியில் கை வைத்துத் தள்ளினார்கள். பிறகு பின்னால் வந்து அடுத்ததைத் தள்ளினார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. தெலுங்கு, உருது, இந்தி எல்லாம் கலந்து கத்திக்கொண்டு, கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிற மாதிரி வேலை நடந்தது.

நான் மட்டும் இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு இன்ஜினை அணைக்கப் பயம். ஒரு தடவை ரயில்வே கேட்டில் வண்டி நின்றுபோய், பின்னால் எல்லோரும் ஹாரன் அடிக்க, இறங்கவும் முடியாமல் யாரையும் கூப்பிடவும் வாய் வராமல் கண்ணீரோடு உட்கார்ந்திருக்கிறேன். அதற்குப் பிறகு மெக்கானிக்கிடம் சொல்லி, பெட்ரோல் தாராளமாகப் போகும்படி வைத்துக்கொண்டேன். சிக்னலில் எவ்வளவு நேரம் நின்றாலும் அணையாது. பெட்ரோல் குடிக்கும்தான். குடித்துவிட்டுப் போகட்டும், ஒருவரிடம் போய் 'தள்ளுங்கள்' என்று கேட்காமல் இருந்தால் போதும் என்றிருந்தேன்.

பின்னால் நின்ற ஆட்டோக்காரர்கள் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்தேன். யாரோ 'மேம்சாப்' என்று சொல்லிச் சிரித்தது காதில் விழுந்தது. நான் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் முறை வந்தது. இன்ஸ்பெக்டர் என்னைவிடச் சின்னவர், கடுகடுத்த முகம். லீவர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார், என்னை ஓட்டச் சொல்லிப் பிரேக்கைப் பார்த்தார், தலையை ஆட்டினார். நான் ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றுக்கும் வேலை வரவில்லை. பிறகு புகைக்குழாயில் ஒரு டியூபைச் செருகினார்கள். மெஷினில் முள் விறுவிறுவென்று ஏறிக் கடைசியில் போய் நின்றது. அவர் அந்த ஊர் உருதுவான தக்கனியில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "லீவர் எல்லாம் சரி மேடம். இந்தப் புகை மட்டும் நக்கோ, வேண்டாம். சரிபண்ணிக்கொண்டு கேட் மூடுவதற்குள் வாருங்கள்."

கேட்டுக்கு வெளியே ஒரு மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். கார்புரேட்டர் ஸ்குரூவைத் திருகிப் பெட்ரோலைக் குறைத்தார். புகை சட்டென்று குறைந்தது. "இனிமே நின்னா அணைஞ்சுடும்மா, தள்ள ஆள் வெச்சுக்கோங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். அந்த வார்த்தை எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மறுபடி வரிசையின் கடைசி. நின்ற உடனே இன்ஜின் அணைந்தது. ஸ்டார்ட் செய்தேன், ஓடியது, அணைந்தது. நாலைந்து தடவைக்குப் பிறகு பேட்டரியும் கையை விரித்துவிட்டது. எனக்கு முன்னால் இடைவெளி விழுந்தது. பின்னால் ஹாரன் ஆரம்பித்தது. ரயில்வே கேட் நாள் அப்படியே திரும்பி வந்த மாதிரி உடம்பெல்லாம் வேர்த்தது. நாளெல்லாம் முகம் தெரியாதவர்களிடம் பேசிச் சம்பளம் வாங்குகிறவள் நான். அன்றைக்குக் கண்ணாடியை இறக்கி ஒரு வார்த்தை கேட்க நாக்கு எழும்பவில்லை. கேட் மூடிவிடுவார்கள், அண்ணன் வீட்டு மாடிதான் என்று நினைக்க நினைக்க அழுகை முட்டியது.

கண்ணாடியை இறக்கினேன். "ஐயா, யாராவது கொஞ்சம் தள்ளுங்களேன்" என்று சொன்னது தமிழில் வந்துவிட்டது. பயத்தில் வேறு பாஷை வரவில்லை.

காலையில் மூக்கை மூடிக்கொண்டவர்களில், தன் ஆட்டோவும் தேறாமல் திரும்ப வரிசைக்கு வந்திருந்த ஒரு ஆட்டோக்காரர் ஓடி வந்தார். செகந்திராபாத் தமிழர், பேச்சில் தக்கனி கலந்திருந்தது: 'கைக்கு' என்றால் ஏன், 'ஹவ்' என்றால் ஆமாம்.

"என்னக்கா, கைக்கு சும்மா உக்காந்திருக்கீங்க? லைன் போய்ட்டே இருக்கு. எறங்கித் தள்ளுங்க."

நான் பின் சீட்டில் இருந்த கட்டைகளைக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார். முகத்தில் பரிதாபம் வரப்போகிறது என்று நான் விறைத்துக்கொண்டேன். அவரோ, "ஹவ், அப்ப ஸ்டீயரிங்கப் புடிங்க. அதுக்கும் ஒரு ஆள் வேணும்ல. எங்களுக்கு ஒரு கையால தள்ளி ஒரு கையால திருப்பி முதுகு போச்சு" என்றார். சொல்லிவிட்டுப் பின்னால் பார்த்துத் தெலுங்கில் ஒரு சத்தம் போட்டார்.

வண்டி நகர்ந்தது. இன்ஜின் சத்தமே இல்லாமல் அந்தக் கார் போய் நான் பார்த்ததில்லை. கண்ணாடியில் நாலைந்து தலைகள் குனிந்திருந்தன. யார் முகமும் சரியாகத் தெரியவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பிறகு ஒவ்வொரு தடவை வரிசை நகரும்போதும் அப்படித்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நடுவில் ஒருவர் டீ குடிக்கப் போகும்போது தன் ஆட்டோச் சாவியை என்னிடம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். எனக்கும் ஜன்னல் வழியாக ஒரு டீ வந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே நானும் வரிசையில் ஒருத்தி ஆகிவிட்டேன்.

சோதனை மேடைக்குப் பக்கத்தில் வந்ததும் இன்ஜின் ஓட வேண்டுமே. "செகண்ட் கியர் போட்டுக்கோங்கக்கா, சொல்றப்ப விடுங்க" என்றார் ஆட்டோக்காரர். எல்லோரும் சேர்ந்து ஓடித் தள்ளினார்கள். "விடுங்க!" என்று கத்தினார்கள். கிளட்ச் கைப்பிடியை விட்டேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி உயிர் பிடித்தது. பின்னால் ஒரே விசில். ஆக்ஸிலரேட்டர் லீவரை லேசாகத் தொட்டுக்கொண்டே மேடைவரை போனேன். முள் பாதி வழியில் நின்றது. இன்ஸ்பெக்டர் அதே கடுகடுத்த முகத்தோடு கையெழுத்துப் போட்டார்.

வெளியே போகும் வழி வேறு பக்கம். திரும்பிப் போய் நன்றி சொல்ல முடியவில்லை. அணைந்துவிடுமோ என்று நிறுத்தவும் பயம். கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டினேன். அவர்கள் அடுத்த வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பார்த்தார்களா என்று தெரியாது.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தேன். சொல்ல ஆள் இல்லை. அண்ணனுக்குப் போன் போட்டு, "வண்டி பாஸாயிட்டு" என்று மட்டும் சொன்னேன். தள்ளினார்கள் என்று சொன்னால் அவன் வருத்தப்படுவான்; எனக்கு ஏன் சந்தோஷம் என்று அவனுக்கு விளங்கவைக்க எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு ராத்திரி அந்த வீடு வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது போலத் தோன்றியது.

மெக்கானிக்கிடம் போய்ப் பெட்ரோலை மறுபடி கூட்டச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கார் எத்தனையோ இடத்தில் நின்றிருக்கிறது, எத்தனையோ பேர் தள்ளியிருக்கிறார்கள். அதில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது, யாரும் என் வீட்டுக்கு வந்ததும் இல்லை. தனியாக இருப்பது என் தலையெழுத்தாகவே இருக்கட்டும்; கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது மட்டும் நானாகச் செய்துகொண்டதுதான் என்பதை அந்த வரிசை எனக்குக் காட்டிக்கொடுத்தது.