பியரை மோந்து பார்த்தவர்

கொத்மலைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடொன்றுக்குக் கப்பல் சமையற்காரர் ஒருவர் லீவில் வந்திருந்தார். போன நாடுகளில் வாங்கிய பியரை ருசி பார்த்து, நல்லது கெட்டது சொல்லி போனில் வீடியோ போடுவது அவர் பழக்கம். ஒட்டிய கன்னம், நீண்ட மூக்கு. அந்த மூக்கைக் கிளாசுக்குள் விட்டுக் கண்ணை மூடினால் லேசில் வெளியே எடுக்கமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டார். இவர் குடியை விட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மறுபடி தொடங்கிவிடுவாரோ என்று எனக்குப் பயம். பின்னாலேயே போய் வாசலில் நின்றேன்.

சமையற்காரர் கிளாசின் அடி நனையும் அளவுக்கே ஊற்றினார்.

“குடிச்சிறாதீங்க தம்பி. மொதல்ல மோந்து பாருங்க. என்னா வாசம் வருது?”

“பியர் வாசந்தாங்க.”

“அதுக்குள்ள என்னா? தோடம்பழப் புளிப்பா, பேக்கரியில கருகுன பாணா?”

கேள்வி நிற்கவே இல்லை. என் வீட்டுக்காரர் கிளாசை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். “இது என்னா பரீட்சையா?” என்று முணுமுணுத்தபடி வீட்டுக்கு வந்து பிளேன்டீ கேட்டார்.

மறுநாள் பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது சமையற்காரரிடம், “ரொம்ப நன்றிங்கண்ணே” என்றேன்.

அவர் முகம் வாடியது. “தம்பிக்குப் புடிக்கலையா தங்கச்சி? வேற போத்தல் இருக்கு, வரச் சொல்லுங்களேன்.”

“அனுப்பி வைக்கிறேங்கண்ணே” என்றேன், கொஞ்சமும் பயமில்லாமல்.