மாப்பிள்ளை வானும் ஒற்றைவழிப் பாலமும்

தம்பியின் மகனுடைய கலியாணத்துக்காக ரொறன்ரோவில் வந்திறங்கிய நாளிலிருந்து, தம்பி என்னைச் சம்பந்தி வீட்டாருக்கு "லண்டன் அக்கா" என்றே அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தான். நான் இருப்பதோ லண்டனிலிருந்து வெகுதூரம் தள்ளிய இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில். அங்கே எங்கள் கடை, ஒரு தேவாலயம், எப்போதாவது வரும் பஸ், ஆற்றுக்கு மேலே குதிரைவண்டிக் காலத்துக் கல்பாலம், அவ்வளவுதான். வீதியில் ஒரு கார்தான் போகலாம். இரண்டு பக்கமும் வேலிச்செடி கண்ணாடியை உரசும்.

"உதெல்லாம் ஒரு ஊரே அக்கா? வெளியில சொல்லிப்போடாதேங்கோ," என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கலியாண வீடாயிற்றே என்று பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

கலியாணத்தன்று காலை நெடுஞ்சாலை அடைபட்டுக் கிடந்தது. முகூர்த்தம் நெருங்குகிறது. தம்பி ஓட்டிய வானில், தலைப்பாகையோடு மாப்பிள்ளை பின்சீட்டில், தாலிக்கொடி என் மடியில். தம்பி ரூஜ் பள்ளத்தாக்குக்குள் குறுக்குப் பாதை பிடித்தான். கீழே ஒற்றைவழிப் பாலம். பாதி கடந்திருப்போம், எதிரே படகொன்றை இழுத்துக்கொண்டு ஒரு பிக்கப் ஏறிவிட்டது. படகோடு பின்னுக்குப் போக ஏலாது என்று அதன் ஓட்டுநர் கையை விரித்தார்.

எங்களுக்குப் பின்னால் வளைவும் ஏற்றமும். நல்லவேளை, வேறு வாகனம் இல்லை. நெடுஞ்சாலையில் பறக்கிற என் தம்பி ரிவேர்ஸ் எடுத்தான். வான் பாலத்தின் பக்கக் கம்பியில் உரசியது. திரும்ப எடுத்தான், மற்றப் பக்கமும் உரசியது. அவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

"அப்பா, டைம் போகுது!" என்று கத்தினான் மாப்பிள்ளை.

"எழும்படா!" என்றேன் தம்பியிடம்.

"அக்கா, இங்க ஸ்டியரிங் மற்றப் பக்கம்..."

"பின்னுக்குப் போறதுக்கு எந்தப் பக்கமெண்டா என்ன? இறங்கு!"

தாலிக்கொடியை அவன் கையில் கொடுத்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். தினமும் டிராக்டருக்கும் பால் லொறிக்கும் ரிவேர்ஸில் போய் வழிவிட்டே பழகிய கழுத்து இது. பாலம், வளைவு, ஏற்றம், மேலேயிருந்த புல் ஓரம் வரை ஒரே மூச்சில் எடுத்தேன். எங்கும் தொடவில்லை. பிக்கப்காரர் கடந்துபோகையில் கையை உயர்த்தினார், எங்கள் ஊரில் செய்வதுபோலவே. அட, எனக்கிருந்த சந்தோஷம்! மண்டபம் வரைக்கும் நானே ஓட்டினேன்.

கெட்டிமேளம் முழங்க, சொன்ன நேரத்துக்குத் தாலி ஏறியது.

"லண்டன் அக்காவே வானை ஓட்டிக்கொண்டு வந்தவ?" என்று சாப்பாட்டு மேசையில் சம்பந்தி கேட்டார்.

"லண்டனோ? ஆர் சொன்னது?" தம்பியின் குரலுக்கு மண்டபமே திரும்பியது. "அக்கா இருக்கிறது கிராமத்தில. அங்க ஒரு பாலம் கிடக்கு, தெரியுமோ..."

கண்ணாலும் கண்டிராத அந்தப் பாலத்தைப் பாயாசம் வரும்வரை அவன் விடவில்லை.