ராட்டினம் ஏறிய கிரேன்காரர்

மாப்பிள்ளை எங்கே போய் இறங்கினாலும் முதலில் அண்ணாந்து பார்ப்பார். பொழுதுபோக்குப் பூங்காவின் வாசலிலும் அதையேதான் செய்தார். மதில் நெடுக வண்ணக் கொடிகள் பறந்துகொண்டிருந்தன. எங்களுக்கு அது அலங்காரம், அவருக்கு அது காற்று. "காத்து இருக்கு மச்சான். ஆனா ராட்டினத்தை நிறுத்துற அளவுக்கு இல்ல" என்றார். அதற்குள் அவருடைய மூன்று வயது மகன், நுழைவாயிலில் நின்ற பொம்மை யானையின் தும்பிக்கையைக் கட்டிக்கொண்டு உள்ளே வர மறுத்துவிட்டான். ஆறு வயது மகள் அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்த பிடியை விடவில்லை.

என் தங்கையின் கணவர் இவர். கட்டடம் எழும்பும் இடங்களில் உயரக் கிரேன் ஓட்டுகிறார். உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிக் கூண்டில் பகல் முழுக்கத் தனியாக உட்கார்ந்து, கீழே இருப்பவர்களுக்கு இரும்பையும் சிமெண்டையும் தூக்கிக் கொடுக்கிற வேலை. எந்நேரமும் மேலேயே இருப்பதால் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் 'மேலாளர்'. உண்மையான மேலாளருக்கு இதில் கொஞ்சம் வருத்தம் என்று கேள்வி.

நாற்காலியில் ஏறி பல்பு மாட்டவே துணைக்கு ஆள் தேடுகிறவன் நான். இந்த மனிதர் தினமும் ஏணி பிடித்து வானத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து செருப்பைக் கழற்றுவார். கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகியும் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

பகலில் தண்ணீர் அதிகம் குடிக்கமாட்டார். அவசரம் என்று ஒரு தடவை இறங்கி ஏறுவதற்குள் கீழே எல்லாம் நின்றுபோகும். லீவு நாளிலும் அந்தப் பழக்கம் போகாது. பூங்காவில் நாங்கள் எல்லோரும் பழச்சாற்றை உறிஞ்சித் தள்ள, இவர் ஒரு மடக்கோடு டம்ளரை வைத்துவிட்டார். கீழே இருப்பவர்களோடு பேச்சு வயர்லெஸ்ஸில்தான். சொன்னதை அவர்கள் திருப்பிச் சொன்னால்தான் கிரேனின் கொக்கி அசையும். வீட்டிலும் அதே சட்டம். "ரயில் நிக்கிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. கேட்டுச்சா?" "கேட்டுச்சு. ரயில் நிக்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டோம்." பிள்ளைகள் முழுதாகச் சொன்ன பிறகுதான் குட்டி ரயிலில் ஏற்றினார். "இவர்கிட்ட ஒரு உப்பு கேட்டு வாங்கறதுக்குள்ள சாப்பாடு ஆறிடும்ணா" என்று தங்கை அலுத்துக்கொள்வாள்.

பூங்காவுக்கு வந்ததே மகளுக்காகத்தான். ஒருநாள் பள்ளி வேன் கிரேன் நிற்கிற வழியாகப் போயிருக்கிறது. கூட இருந்த டீச்சர் ஆசையாக, "அதோ பாரு, உங்க அப்பா அங்கதான் இருக்காரு" என்று காட்டிவிட்டார். அன்றைக்குப் பிடித்தது அவளுக்குப் பயம். காலையில் அவரை வேலைக்கு விடமாட்டேன் என்று ஒரே அழுகை. அவள் எழுவதற்கு முன்னால் ஓசைப்படாமல் கிளம்பிப் பார்த்தார். மறுநாள் அவள் அதற்கும் முன்னால் எழுந்து, கதவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"கீழ ஒரு வேலை கேட்டு வெச்சிருக்கேன் மச்சான். இவ மனசு மாறலைன்னா இறங்கிடுவேன்" என்று என்னிடம் சொன்னார். ஏதோ சட்டை மாற்றுகிற விஷயம் போலத்தான் சொன்னார். சொன்ன பிறகு வெகுநேரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கூண்டின் மேல் அவருக்கு எவ்வளவு ஆசை என்பது எனக்குத் தெரியும். தங்கைதான் யோசனை சொன்னாள். "பெரிய ராட்டினத்துல அவளை ஏத்திக் காட்டலாம். ஒரு தடவை மேல போய்ட்டு வந்தா பயம் தெளிஞ்சிடும்."

ராட்டினத்தின் அடியில் நின்று நிமிர்ந்தால் கழுத்துதான் வலித்தது, உச்சி தெரியவில்லை. "இது என்ன உயரம், என் ஏணியில பாதி வராது" என்றார் அவர். தங்கை பையனோடு கீழே நின்றுகொண்டாள். வரமாட்டேன் என்று சொல்ல வெட்கப்பட்டு நானும் அப்பாவோடும் மகளோடும் ஒரு பெட்டியில் ஏறித் தொலைத்தேன்.

கீழே ஆட்கள் ஏற ஏற, நாங்கள் நின்று நின்று உயர்ந்தோம். கூச்சல் அடங்கியது. பிறகு காற்றுச் சத்தம் மட்டும். உச்சியில் பெட்டி நின்று லேசாக ஆடியபோது கண்ணைத் திறந்தேன். அப்பாடி, இத்தனை பெரிய ஊரிலா இத்தனை நாளும் இருந்திருக்கிறேன்! கூரைகளும் சாலைகளும் பாலங்களும் வெயிலில் கண்ணுக்கெட்டிய மட்டும் விரிந்து கிடந்தன. பயம் போன இடம் தெரியவில்லை. சொல்லலாம் என்று திரும்பினால், மாப்பிள்ளையின் முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு கை மகளை இறுக்கி அணைத்திருந்தது. மறு கை கம்பியைப் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்திருந்தன.

"மாப்ள, என்ன ஆச்சு?"

"தெரியல மச்சான். கூட இவ இருக்கா."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, உனக்குப் பயமா இருக்கா?"

"ஆமா பாப்பா. நீ விழுந்துடுவியோன்னு."

"எனக்கும் அப்படித்தான் இருக்கும். தினமும்."

அவர் எதிரே பார்த்தார். கை இரண்டும் ஒழியாததால் முகவாயால் காட்டினார். "அதோ, மஞ்சளா தெரியுது பாரு. அதான் நம்ம கிரேன்."

அதன் நீண்ட கை மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

"நீ இங்க இருக்க. அங்க யாரு திருப்புறா?"

"காத்து. இறங்கறப்ப பிரேக்கை விட்டுட்டுத்தான் வருவேன். பூட்டி வெச்சா காத்து மோதிச் சாய்ச்சிடும். விட்டுட்டா, காத்து போற பக்கம் தானா திரும்பிக்கும். ஒண்ணும் ஆகாது."

அவள் வெகுநேரம் அதையே பார்த்தாள். நானும் பார்த்தேன். அத்தனை டன் இரும்பு, உள்ளே ஆளே இல்லாமல், தூக்கத்தில் புரளும் குழந்தை போல அவ்வளவு சாதுவாகத் திரும்புகிறது. எனக்கு மெய்சிலிர்த்தது.

"அங்கேருந்து பாத்தா இந்த ராட்டினம் தெரியுமா?"

"தினமும் தெரியும். வளையல் மாதிரி இருக்கும்."

யோசித்தாள். சட்டையிலிருந்து கையை எடுத்து, கிரேனைப் பார்த்து நிதானமாக ஆட்டினாள். "நாளைக்கு மேல போனதும் இந்தப் பக்கம் பாரு. நான் இங்கேருந்து கை காட்டினேன்னு நினைச்சுக்கோ. நீயும் காட்டுப்பா."

அவர் என்னைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார். விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. கையை உயர்த்தி, தொலைவில் காலியாக இருந்த தன் கூண்டுக்கு ஆட்டினார்.