ஆறு கம்ப்யூட்டரா, எட்டா?

போன வாரம் தென்னூர் வீட்டுக்கு சர்வே எடுக்க ஒரு பெண் வந்தாள்.

“வீட்டுல எத்தனை கம்ப்யூட்டர் இருக்குங்க, மேடம்?”

லேப்டாப் ஒன்று. செல்போனைச் சேர்ப்பதா? அவளுக்கும் தெரியவில்லை. “நானே ஒரு காலத்துல கம்ப்யூட்டர்தான்மா” என்றேன். பாவம், பேனாவை மூடிவிட்டாள்!

பொய்யில்லை. அறுபதுகளில் திருச்சியில் ஒரு புள்ளிவிவர ஆபீஸில் என் உத்தியோகத்தின் பெயரே ‘கம்ப்யூட்டர்’. துறையூர் கடலை, லால்குடி நெல் என்று விளைச்சல் விவரம் வரும். கூட்டி, சராசரி எடுக்க வேண்டும். நாங்கள் ஆறு பேர். கடைசியாகச் சேர்ந்தவர்கள் நானும் ரங்கநாயகியும். இருவரும் ஸ்ரீரங்கம், ஒரே பஸ். ரங்காவுக்கு அப்பா இல்லை. இரண்டு தம்பிகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் தலைமை ஆபீஸிலிருந்து கடிதம். ‘தங்களிடம் உள்ள கம்ப்யூட்டர்கள் எத்தனை?’

ஹெட் கிளார்க் யோசித்தார். கைப்பிடியைச் சுற்றினால் கூட்டிக் கொடுக்கும் மெஷின் இரண்டு புதிதாக வந்திருந்தன. “கணக்குப் போடுறது எல்லாம் கம்ப்யூட்டர்தானே?” என்று எட்டு என எழுதி அனுப்பிவிட்டார்.

பதில் வந்தது. ‘அனுமதி ஆறு. அதிகப்படியாக உள்ள கடைசி இருவரை மாத முடிவில் விடுவிக்கவும்.’

எனக்குக் கை கால் ஓடவில்லை. ரங்கா எழுந்துவிட்டாள். “வாடி, ஆபீசரைப் பார்ப்போம்.”

“நீ போ... வரேன்” என்றேன். ஆபீசர் அறைக் கதவோடு நின்றுவிட்டேன். உள்ளே ரங்கா பேசினாள்.

“சார், நாங்க ஆறு பேர்தான். மீதி ரெண்டு அந்த மெஷின்.”

“அதுவும் கணக்குப் போடுதேம்மா?”

“போடுது சார். ஆனா போன வாரம் லால்குடியிலேர்ந்து ஒரு சைபர் கூடுதலா வந்தப்போ, அது அப்படியே கூட்டிடுச்சு. ‘இவ்வளவு நெல் விளையாதே, திரும்பக் கேளுங்க’ன்னு நாங்கதான் சொன்னோம். நீங்ககூட அந்த லெட்டர்ல கையெழுத்துப் போட்டீங்க.”

ஆபீசர் அந்த லெட்டரின் நகலை எடுத்துப் பார்த்தார். பிறகு ஹெட் கிளார்க்கைக் கூப்பிட்டார். அன்றே திருத்தக் கடிதம் போனது: ‘கம்ப்யூட்டர்கள் ஆறு, அனைவரும் பணியில் உள்ளனர். கூட்டும் மெஷின் இரண்டு; ஒன்று ரிப்பேர்.’

மாதம் முடிவதற்குள் உத்தரவு ரத்தானது. ரங்கா அதே துறையில் பெரிய பதவிக்குப் போய் ரிடையர் ஆனாள். தம்பிகள் இருவரும் நன்றாக இருக்கிறார்கள்.

ஆனால் என் மனதில் நிற்பது ஆபீசரைப் பார்த்த அன்றைய சாயங்காலம்தான். பஸ் காவேரிப் பாலத்தில் ஏறியது. ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் பார்த்தேன் — டிக்கெட்டைப் பிடித்திருந்த அவள் விரல்கள் நடுங்கின.

“ஏன்டி உள்ளே வரலே?” என்றாள். கோபமில்லை. சும்மாதான் கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பயம்தான் ரங்கா... இப்போதாவது சொல்லிவிடுகிறேனே!