‘கேட்’ ஜெயபாண்டியும் ஒரு பென்டிரைவும்

ஜெயபாண்டியைக் கம்ப்யூட்டர்க்காரர் என்று சொல்பவர்கள் அவரைப் பிற்பாடு அறிந்தவர்கள். எங்கள் தெருக்காரர்களுக்கு அவர் என்றைக்கும் ‘கேட்’ ஜெயபாண்டிதான். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையின் வாசலில் நின்றுகொண்டு, காலையில் வேனில் வந்து இறங்கும் ஆட்களைத் தடவிப் பார்த்து உள்ளே அனுப்புவதுதான் முன்பு அவர் வேலை. பீடி, தீப்பெட்டி, செல்போன் எதுவும் அவரைத் தாண்டிப் போனதில்லை. ஒரு பீடிக்கட்டுக்காகச் சொந்த மாமனாரையே அதே வேனில் திருப்பி அனுப்பிய மனிதர். அந்த வருஷத் தீபாவளிக்கு மாமனார் வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை.

அவர் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. கண்ணுச்சாமி என்றொருவர் மடியில் தீப்பெட்டியோடு வந்தாராம். இருக்கன்குடி கோயிலுக்குப் போய்ச் சூடம் ஏற்றிவிட்டு நேரே வேலைக்கு வந்தவர். “மடிக்குள்ள கையவிட்டுப் புடிச்சேம்லா! எங்கிட்ட நடக்குமா?” என்பார் ஜெயபாண்டி. கண்ணுச்சாமிக்கு அந்த சீசன் முழுக்க வேலை இல்லாமல் போனது. அந்த இடத்தை மட்டும் ஜெயபாண்டி வேகமாகச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்.

வேலை முடிந்து சாயங்காலங்களில் கம்ப்யூட்டர் கிளாசுக்குப் போய்ப் படித்து, ஓர் அரசு அலுவலகத்தின் இ-சேவைக் கவுண்டரில் ஒப்பந்த ஆபரேட்டராகச் சேர்ந்தார். எந்த அலுவலகம் என்பது வேண்டாம், எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. அங்கிருந்த கம்ப்யூட்டரில் இருந்தது அரதப்பழசான ஆபரேட்டிங் சிஸ்டம். அதைச் செய்த கம்பெனியே அதைக் கைகழுவி வெகுநாளாகிவிட்டது. மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. பழைய சிஸ்டங்களை மாற்ற வேண்டும், வெளியாள் கொண்டுவரும் பென்டிரைவைச் சொருகக் கூடாது. அதைப் பிரிண்ட் எடுத்து, எல்லோரும் சுருக்கொப்பம் போட்டு, கோப்பில் வைத்தார்கள். புது மிஷின் கேட்டு எழுதினார்கள், வரவில்லை. பாதுகாப்பு என்றால் காகிதத்தில் கையெழுத்து என்று நினைக்கும் இந்தப் புத்தியை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

பகலில் அங்கே நெட் ஊர்ந்துதான் வரும். அதனால் ஜெயபாண்டி வருகிறவர்களின் காகிதங்களை ஸ்கேன் செய்து மிஷினிலேயே போட்டு வைப்பார். நெட் நன்றாகக் கிடைக்கும் நாளில் மொத்தமாக ஏற்றுவார். ஆனால் கவுண்டரில் நிற்பவரிடம் “ஏத்தியாச்சு, மெசேஜ் வரும்” என்று சொல்லிவிடுவார். கூட்டம் கலைய வேண்டுமே.

அந்தக் கூட்டத்தில் ஒரு நாள் கண்ணுச்சாமி வந்தார். மகள் பிரீத்திகாவுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது, சாதிச் சான்றிதழைக் காட்டிச் சேர வேண்டும். ஜெயபாண்டியைக் கண்டதும் கண்ணுச்சாமி சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் தூக்கி நின்றார்.

“சோதிச்சுக்கிடுங்க தம்பி. மடியில ஒண்ணுமில்ல.”

கவுண்டரே சிரித்தது. ஜெயபாண்டியும் சிரித்தார். காகிதங்களை ஸ்கேன் செய்துவிட்டு, “ஏத்தியாச்சு அண்ணாச்சி” என்றார்.

ஆடிப் பதினெட்டு நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றுதான் சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவார்கள். ஜெயபாண்டியின் மச்சினன் செந்தூர்பாண்டி காலண்டர் ஆர்டர் பிடிப்பவன். புதுப் படங்களைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டான். டிசைன் கடை, பிளேட் போடும் கடை, பிரஸ் என்று ஊரில் உள்ள அத்தனை மிஷினிலும் ஏறி இறங்கிய பென்டிரைவ் அது.

“அத்தான், ஊர்ல யாருமே இன்னும் பாக்கல. நீங்கதான் மொதல்ல.”

மேலதிகாரி அருணாதேவி மேடமும் எழுந்து வந்தார். “மாரியம்மன் படம் இருக்கா? போடுங்க, பாப்போம்.”

ஜெயபாண்டி சொருகினார். கேட்டில் நின்ற காலத்தில் வாங்கிய பேரெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனதோ! அலுவலகமே திரண்டு நின்று அம்மன் படம் பார்த்தது, முருகன் பார்த்தது, சிரிக்கும் குழந்தை பார்த்தது.

மறுநாள் காலையில் மிஷினைப் போட்டால் ஒரு கோப்பும் திறக்கவில்லை. எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம், திறக்கப் பணம் கட்டு என்று திரையில் இங்கிலீஷில் ஓர் அறிவிப்பு. பென்டிரைவோடு வந்த வைரஸின் வேலை. ஏற்றாமல் கிடந்த விண்ணப்பங்கள் அத்தனையும் அதற்குள். எப்படியாவது மீட்டுவிடலாம் என்று ஜெயபாண்டி யாரிடமும் மூச்சு விடவில்லை. மெசேஜ் வரவில்லையே என்று பிரீத்திகா வந்து கேட்டாள்.

“ஏத்தியாச்சும்மா. சர்வர் டவுனு. வரும்.”

மறுபடி வந்தாள். அதே பதில். கடைசித் தேதி போனது, இடமும் போனது.

மிஷின் போன விஷயம் வெளியே தெரிந்து, மாவட்டத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தால் ஏற்பட்ட கோளாறு என்று மேடம் எழுதினார். பென்டிரைவைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஜெயபாண்டி கீழே கையெழுத்துப் போட்டார். மிஷினில் பென்டிரைவ் சொருகும் இடத்தில் பிளாஸ்திரி ஒட்டினார்கள். அரசாங்கத்தைப் பொறுத்தவரை விஷயம் அதோடு முடிந்தது.

ஜெயபாண்டிக்கு முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணுச்சாமி வீட்டுக்குப் போனார். அங்கே நடந்ததை அவரே என்னிடம் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல்.

“வாங்க தம்பி. மிஷினு போச்சாமே, கேள்விப்பட்டேன். அதுக்கு நீங்க என்ன செய்வீக? உக்காருங்க, காப்பி சாப்பிடுங்க” என்றாராம் கண்ணுச்சாமி.

அந்த உபசரிப்பு தாங்காமல் ஜெயபாண்டி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பென்டிரைவ், காலண்டர், ஏற்றாமலே ஏற்றியதாகச் சொன்னது, எல்லாம். பிரீத்திகா கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் உள்ளே போய்விட்டாள்.

கண்ணுச்சாமி கோபமில்லாமல்தான் சொன்னார்.

“தீப்பெட்டிய மடியில கையவிட்டுப் புடிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லுறீகளாம். நீங்க எங்க தம்பி புடிச்சீக? எதும் வச்சிருக்கீகளான்னு கேட்டீக. இருக்கு, மறந்துட்டேன்னு நாந்தான் எடுத்துக் குடுத்தேன். கேட்டுல கேட்டா உள்ளதச் சொல்லணும்ல. எம் புள்ள ரெண்டு தடவ வந்து கேட்டாளே, ஏத்தலன்னு நீங்க ஒரு தடவ சொல்லியிருக்கலாம்ல? காகிதம் அம்புட்டும் அவ கையிலதான இருந்துச்சு. வேற சென்டருக்கு ஓடியிருப்பாளே.”

ஜெயபாண்டி காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார். கவுண்டரில் இப்போதும் அவர்தான் உட்கார்ந்திருக்கிறார். யாராவது உள்ளே வந்து சும்மா சோம்பல் முறிக்கக் கையைத் தூக்கினாலும் தலையைக் குனிந்துகொள்கிறார்.