அம்மாவிடம் போய்ச்சேராத விசா

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு வாரத்தில், யாழ்ப்பாணம் குருநகரில் எனக்கு நடந்தது இது. இன்றைக்கும் மழை இருட்டினால் அந்த வாரம்தான் நினைவுக்கு வருகிறது.

நான் இந்த ஊர்க்காரி இல்லை. திண்டுக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவள். எங்கள் ஊரை ஒட்டி இலங்கை அகதிகள் முகாம் ஒன்று இருந்தது. கைக்குழந்தையாகக் குருநகரிலிருந்து படகில் கொண்டுபோகப்பட்ட என் கணவர் அங்கேதான் வளர்ந்தார். பெயின்ட் அடிக்கும் வேலைக்கு எங்கள் தெருவுக்கு வந்தார். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். முகாம் பையனா, அதுவும் வேதக்காரனா, கிறிஸ்தவனா என்று சொந்தபந்தம் எல்லாம் குதித்தபோது என் பக்கம் நின்றவர் அம்மா மட்டும்தான். மாரியம்மன் கோயிலில் தாலி கட்டி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்தோம்.

பிறகு முகாமிலிருந்து குடும்பம் குடும்பமாக நாடு திரும்பினார்கள். இவரும் தன் அக்கா குடும்பத்தோடு திரும்பினார். சில மாதங்கள் கழித்து, மூன்று மாதக் கர்ப்பத்தோடு, குறுகிய கால விசாவில் நானும் வந்து சேர்ந்தேன். பிள்ளை பிறந்ததும் தூக்கிக்கொண்டு வந்து காட்டு என்று அம்மா சொல்லி அனுப்பினார். மகளுக்கு நாலு வயதாகும் வரை அவர் அவளைப் போனில் மட்டும்தான் பார்த்தார்.

ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். என் விசா எப்போதோ முடிந்துபோயிருந்தது. இலங்கைக்காரரின் மனைவி என்று நிரந்தரமாகத் தங்கும் விசாவுக்கு மாற்றியிருக்க வேண்டும். முயற்சி செய்யாமலும் இல்லை. கிராம சேவகர் பெரிய கந்தோருக்கு, அதாவது மேல் அலுவலகத்துக்குப் போகச் சொன்னார். பெரிய கந்தோரில், இந்தியாவில் நடந்த திருமணம் என்பதால் வேறோர் இடத்தில் உறுதிப்படுத்தி வரச் சொன்னார்கள். அங்கே போனால் கிராம சேவகரின் கடிதம் இல்லாமல் முடியாது என்றார்கள். பங்கில், அதாவது இவருடைய தேவாலயத்தில் கேட்டோம். மாரியம்மன் கோயிலில் நடந்த கல்யாணத்துக்கு அவர்கள் என்ன கடிதம் கொடுக்க முடியும்? ஒருவரும் கதவைச் சாத்தவில்லை. எல்லோரும் அன்பாகத்தான் அடுத்த கதவைக் காட்டினார்கள்.

இதற்கு நடுவில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. கந்தோர் ஒன்றில் வரிசையில் நின்றபோது, "சார்கிட்ட கொஞ்சம் பேசணும்" என்றேன். பக்கத்தில் நின்ற பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏன் பிள்ளை, அவர் உமக்கு என்ன பிழை செய்தவர்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இங்கே பேசுவது என்றால் ஏசுவது, நாம் பேசுவதைக் கதைப்பது என்பார்கள் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர்கள் சிரிப்பில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. ஆனாலும் வயிற்றில் பிள்ளையோடு, தெரியாத ஊரில் நின்றிருந்த எனக்கு முகம் சுருங்கிவிட்டது. சொந்த மொழியிலேயே அந்நியமாய்ப் போவது ஒரு மாதிரியான வலி. அதற்குப் பிறகு வெளி இடங்களில் வாய் திறக்க எனக்குக் கூச்சம். மச்சாள், அதாவது இவருடைய அக்கா, எனக்காகக் கதைப்பார். அவருக்கும் மீன் விற்கிற வேலை, வீடு, பிள்ளைகள். அலுவல் அப்படியே நின்றுபோனது.

அந்த ஐப்பசியில்தான் ஊரிலிருந்து என் தம்பி போனில் கூப்பிட்டான். அம்மா கிணற்றடியில் விழுந்துவிட்டார், ஒரு பக்கம் இழுத்துவிட்டது, ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உன் பெயரைத்தான் சொல்கிறார் என்றான்.

நான் அன்றே புறப்பட நின்றேன். ஆனால் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். விசா முடிந்தவள் விமான நிலையத்தில் போய் நின்றால் அனுப்பிவிடுவார்கள், திரும்பி வர விடுவார்களா என்பதுதான் சந்தேகம். பல வருடங்கள் தடை போட்டால் என்ன செய்வது? "நீ போ, பிள்ளையை நான் பாக்கிறன்" என்றார் இவர். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் என் சட்டையைப் பிடித்தபடி நின்றாள். எந்தப் பக்கம் கால் வைத்தாலும் ஒருவரை இழக்க வேண்டும். இரண்டு நாட்கள் ஒன்றும் செய்யாமல் அழுதபடியே கிடந்தேன்.

மூன்றாம் நாள் மச்சாள், எங்கள் பங்கில் வேலை செய்யும் கன்னியாஸ்திரி ஒருவரை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்தார். சிஸ்டருக்கு ஐம்பது வயதிருக்கும். நனைந்த குடையை வாசலில் வைத்துவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் திக்கித் திக்கிச் சொன்னதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். அந்த இடத்திலிருந்தே நாலைந்து பேருக்குப் போன் செய்தார்.

மறுநாள் காலை பங்கு மண்டபத்தில், எனக்கு உதவக்கூடிய எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி இருந்தார்கள். எங்கள் கிராம சேவகர் வந்திருந்தார். இலவசச் சட்ட உதவி செய்யும் அமைப்பிலிருந்து ஓர் இளம் சட்டத்தரணி வந்திருந்தாள். முகாமிலிருந்து திரும்பிய பெண்களுக்காகச் சங்கம் நடத்தும் அக்கா ஒருவர், பண்டத்தரிப்பு என்ற ஊரிலிருந்து மழையில் பஸ் பிடித்து வந்திருந்தார்.

சிஸ்டர் உட்காரும் முன்பே சொன்னார். "இவவை இனி ஒரு இடத்துக்கும் அனுப்பாதேங்கோ. ஆருக்கு என்ன வேணுமோ, இதிலை இருந்தே கேட்டு முடியுங்கோ."

கிராம சேவகர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் பெரிய கந்தோருக்கு அனுப்பினனான். அவை பாத்திருப்பினம் எண்டு இருந்திட்டன்" என்றார். சட்டத்தரணி, இப்படி ஒருத்தி இருப்பதே தங்களுக்கு நேற்றுத்தான் தெரியும் என்றாள். பண்டத்தரிப்பு அக்கா திண்டுக்கல் பக்கத்திலேயே இருபது வருடம் இருந்தவர். என் கல்யாணப் பதிவில் இருந்த சொற்களுக்கெல்லாம் இங்கே என்ன பெயர் என்று மற்றவர்களுக்கு விளக்கினார். தமிழைத் தமிழில் மொழிபெயர்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். என்னிடம் திரும்பும்போது, "நீ உன் பாஷையிலேயே பேசும்மா, எனக்குப் புரியும்" என்று எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொன்னார். நாலு வருடத்தில் முதல் தடவையாக, அந்நியர் முன்னால் கூசாமல் பேசினேன்.

நாலு வருடமாக முடியாதது மத்தியானத்துக்குள் முடிந்தது. கிராம சேவகர் கடிதத்தை அங்கேயே எழுதினார். சட்டத்தரணி கொழும்பில் உள்ள விசா அலுவலகத்துக்குப் போன் செய்து, நிலைமையைச் சொல்லி, திருமணப் பதிவையும் அங்கேயே உறுதிப்படுத்திக்கொள்ள வெள்ளிக்கிழமை நேரில் வர அனுமதி வாங்கினாள். அது முடிந்ததும் தாமதமின்றிப் புறப்படலாம், திரும்பியும் வரலாம் என்றாள். மச்சாள், என் மகளின் உடுப்புகளையும் சேர்த்து மடித்து வைத்தார். அன்று பின்னேரம் தம்பி அம்மாவின் காதில் போனை வைத்தான். "வந்துர்றேம்மா, குட்டியையும் கூட்டிட்டு வந்துர்றேன்" என்றேன். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

வியாழன் விடியற்காலை தம்பி மறுபடி கூப்பிட்டான். "அக்கா, அம்மா போயிட்டாங்க."

எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், சாவு விழுந்தால் அன்று யாரும் மீன்பிடித் தொழிலுக்குப் போவதில்லை. கடலுக்கு அந்தப் பக்கம், அவர்கள் கண்ணாலேயே பார்த்திராத ஒரு சைவப் பொம்பிளைக்காக அன்று ஒழுங்கைக்காரர்களின் ஒரு படகும் கடலில் இறங்கவில்லை. ஒருவர் போய் இன்னொருவரிடம் சொன்னதாகக்கூடத் தெரியவில்லை. பெண்கள் வந்து வீட்டை ஒதுக்கி, பாய் விரித்து, என்னைச் சுற்றி இருந்தார்கள். எங்கள் வீட்டில் போன் சிக்னல் சரியாக எடுக்காது என்று சிஸ்டர் பங்கு மண்டபத்தைத் திறந்துவிட்டார். அங்கே இருந்துதான் வீடியோவில் அம்மாவின் சடங்கைப் பார்த்தேன்.

பண்டத்தரிப்பு அக்கா சங்கத்துப் பெண்கள் சிலரோடு வந்திருந்தார். ஒரு சின்னப் பாத்திரத்தில் அரிசி கொண்டுவந்திருந்தார். அங்கே வாய்க்கரிசி போடும் நேரம் வந்ததும், தம்பி எனக்காக ஒரு பிடி எடுத்தான். அதே நேரத்தில் அக்கா என் கையைப் பிடித்து, இங்கே பாத்திரத்தில் அரிசியைப் போட வைத்தார். சிஸ்டர் ஒரு பக்கம் நின்று தங்கள் ஜெபத்தைச் சொன்னார். சங்கத்துப் பெண்கள் மெல்லிய குரலில் தேவாரம் பாடினார்கள். ஒருவர் முடிக்கும் வரை மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

அது ஆறுதலாக இருந்ததா என்று கேட்டால், அப்போது இல்லை. போனில் அம்மாவின் முகம் சதுரம் சதுரமாக உடைந்து உடைந்து தெரிந்தது. நான் தொட்டது கண்ணாடியைத்தான்.

வெள்ளிக்கிழமை போகமாட்டேன் என்று அடம் பிடித்தேன். இனி எதற்கு விசா? இவர்தான் வற்புறுத்தி அழைத்துப் போனார். அலுவல் முடிந்து, அம்மாவின் காரியத்துக்கு மகளோடு ஊருக்குப் போனேன். பலாலி விமான நிலையத்தில் ஏறிச் சென்னையில் இறங்க ஒன்றரை மணி நேரம்கூடச் சரியாக ஆகவில்லை. பணிப்பெண் கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் கரை தெரிந்தது. என்னால் தாங்க முடியாமல் போனது அந்த இடத்தில்தான். இவ்வளவு கிட்டத்திலா இருந்தார் என் அம்மா?

அம்மாவின் தலைமாட்டில் மகளுடைய பழைய போட்டோ ஒன்று இருந்ததாம். யாரைப் பார்த்தாலும் எடுத்துக் காட்டுவாராம். தம்பி அதைச் சொன்னபோது மகள், "அம்மம்மா எங்கை?" என்று யாழ்ப்பாணத் தமிழில் கேட்டாள். அங்கிருந்தவர்கள் அவள் பேச்சைக் கேட்டு ஆசையாகச் சிரித்தார்கள். அம்மா கேட்டிருக்க வேண்டிய பேச்சு அது.

அந்தக் காலைக்குப் பிறகு, சிஸ்டரும் சட்டத்தரணியும் கிராம சேவகர்களும் சங்கமும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை பங்கு மண்டபத்தில் ஒன்றாக உட்கார்ந்து, வருகிறவர்களின் அலுவல்களை முடித்துக் கொடுக்கிறார்கள். முகாமிலிருந்து திரும்பியவர்கள், என்னைப் போல் கல்யாணம் கட்டி வந்தவர்கள், இங்கே வேலைக்கு வந்து தங்கிவிட்ட மலையகக் குடும்பங்கள் என்று பலரும் வருகிறார்கள். தயங்கி நிற்பவர்களோடு முதலில் கதைப்பது என் வேலை. போன மாதம் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி அலுவல் முடிந்து, பொங்கலுக்கு அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு உண்மையாகவே சந்தோஷம். ஆனால் அவள் படியிறங்கிப் போன பிறகு கொஞ்ச நேரம் அடுத்தவரைக் கூப்பிட முடியவில்லை. அன்று என் ஒருத்திக்காகக் கூடி வந்த நல்ல மனிதர்கள் எல்லோரும் அதற்கு முந்திய நாலு வருடமும் இதே ஊரில்தான் இருந்தார்கள். என் அம்மாவும் அப்போது உயிரோடுதான் இருந்தார்.