ஒயர்களுக்கு ஒரே நிறம்

பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஊக்கில் நாடாவை மாட்டி மடிப்புக்குள் விட்டால் அது உள்ளுக்குள்ளேயே ஊர்ந்து மறுபக்கம் வந்துவிடுகிறது. நடுவில் நாடா இருப்பதே தெரிவதில்லை. அட, ஒயரையும் இப்படி மறைக்கலாமே! அப்போது ஆறாவது படித்தேன். இரண்டு நாள் முன்புதான் வகுப்புத் தோழி ஒருத்தி வீட்டுக்கு வந்து, "என்னடி, உங்க வீட்டுல எங்க பாத்தாலும் ஒயரா கிடக்கு?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தாள்.

கிடக்கத்தான் செய்யும். ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருந்த ஒரு அறை வீட்டில் அம்மா இட்லி மாவு அரைத்து விற்றாள். கிரைண்டர், பெரிய ஃப்ரிட்ஜ், மிக்ஸி, டேபிள் ஃபேன், நாலுக்கும் சேர்த்து ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அம்மாவுக்கு ஏகாதசி ஒன்றுதான் லீவு. அன்று தெருவில் பாதிப் பேர் விரதம்; மாவுக்கு ஆள் வராது. ஆனால் மறுநாள் துவாதசியன்று விடிவதற்குள் பாத்திரத்தோடு வந்து நிற்பார்கள். அதனால் தசமியன்றே அதற்கும் சேர்த்து அரைத்து, பொங்கியதும் ஃப்ரிட்ஜில் அடைத்துவிட்டு, ஏகாதசி மத்தியானம் அம்மா தூங்குவாள். பதினைந்து நாளைக்கு ஒரு பகல் தூக்கம். அதை நம்பித்தான் மற்ற நாட்களை ஓட்டினாள்.

அந்தத் தசமி சாயங்காலம் அம்மாவின் பழைய ஊதாப் பாவாடையை நீள நீளமாகக் கிழித்தேன். பிளக்கின் தலை பெரிது, நாடா மாதிரி நுழையவில்லை. ஒவ்வொரு பிளக்காகப் பாக்ஸிலிருந்து கழற்றி, ஒயரைச் சுற்றித் துணியை மடித்து அதன் மேலேயே தைத்தேன். ஃப்ரிட்ஜ் ஒயரில் அம்மா சுற்றி வைத்திருந்த அழுக்கு ரப்பர் பேண்டுகளைத்தான் முதல் வேலையாகப் பிய்த்துப் போட்டேன். நாலும் ஒரே ஊதா. பார்க்கப் பார்க்கப் பெருமை தாங்கவில்லை.

அரியமங்கலத்துப் பட்டறையிலிருந்து வந்த அப்பா குனிந்து பார்த்தார். "கரண்டுக்குக் குளிருதா பாப்பா, சட்டை போட்டு விட்டிருக்க?"

"சட்டை இல்லங்க, என் பாவாடை" என்றாள் அம்மா, மாவுக் கையோடு. "நல்லாத்தான் இருக்கு, போ."

மறுநாள் சனிக்கிழமை. அப்பா வேலைக்குப் போனதும் அம்மா கிரைண்டரைக் கழுவ உட்கார்ந்தாள். அது ஓய்ந்திருக்கும் ஏகாதசியன்றுதான் அதை நன்றாகத் தேய்த்துக் கழுவ முடியும். தூக்கக் கலக்கத்தில் கண்ணைத் திறக்காமலே, எப்போதும் போலக் கையை நீட்டி, ஒயர்களைத் தடவி, ஒரு பிளக்கைப் பிடுங்கினாள். கழுவினாள், துடைத்தாள், பாயை விரித்துப் படுத்துவிட்டாள். விரத நாள், ஆளுக்கு இரண்டு வாழைப்பழம், கொஞ்சம் ஊறவைத்த அவல். ஃப்ரிட்ஜைத் திறக்க யாருக்கும் ஒரு காரணமும் இல்லை.

மூன்று மணிக்குப் புளித்த வாசனை மூக்கைத் துளைத்தது. ஃப்ரிட்ஜ் கதவின் கீழே வெள்ளையாக ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது. அம்மாவை உலுக்கினேன். எழுந்து வந்து கதவைத் திறந்தாள். டப்பா மூடிகள் எல்லாம் எழும்பி நின்றன. கிரைண்டர் பிளக் பாக்ஸிலேயே இருந்தது; கழன்று கிடந்தது ஃப்ரிட்ஜ் பிளக்.

அடி விழும் என்று சுவரோரம் ஒதுங்கினேன். அம்மா வழிந்த மாவை ஒற்றை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"அரிசியை எடுடி. ஊறப் போடணும்."

பாயை அவளே சுருட்டி மூலையில் வைத்தாள்.

அரிசி ஊறும் நேரத்துக்குள் நான் அடுத்த திட்டத்துக்குத் தாவிவிட்டேன். தப்பு துணியில் இல்லை, நிறத்தில்! நாலுக்கும் நாலு நிறம் வைத்தால் குழப்பமே வராது. துண்டுத் துணிகளைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் பரப்பினேன். அவள் சுவரில் சாய்ந்திருந்தாள்.

"ஃப்ரிட்ஜுக்கு எதும்மா? மஞ்சளா, பச்சையா?"

மூடிய கண் மூடியபடியே, ஒவ்வொரு துண்டாகத் தடவினாள். கிழிந்த சாக்கின் துண்டு ஒன்றில் விரல் நின்றது.

"இது."

"பாக்காமலே சொல்ற?"

"சொரசொரன்னு இருக்குல்ல. இதுவே இருக்கட்டும்."

நிறத்தைக் கேட்டால் சொரசொரப்பைச் சொல்கிறாளே, இவளுக்கு அழகே தெரியாது என்று எனக்கு எரிச்சலாக வந்தது. சாக்கைத் தூரத் தள்ளிவிட்டு, வழவழவென்றிருந்த மஞ்சள் சாட்டின் துணியை எடுத்து ஊசியில் நூல் கோத்தேன்.